வலது ஒன்பதரை, இடது ஆறு

நிரஞ்சனிக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது, பவர் நிற்கும். மொன்றியலை அடுத்த புரோசார்ட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறாள். வாசலில் யாராவது "பொன்ஜூர்" என்று நுழைந்தால் போதும், இரண்டு கண்ணும் மைனஸ் மூன்றேகால், இடதில் கோணல் பார்வைக்குக் கொஞ்சம் சிலிண்டர், மூக்குத்தண்டு ஒடுக்கம் என்று எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். பெயரைக் கேட்டால் மட்டும் முழிப்பாள். ஒருமுறை வீதியில் சிரித்த பெண்ணை யாரென்று தெரியாமல் தாண்டிப் போய், பத்தடி போன பிறகு 'அட, பிளஸ் ரெண்டரை!' என்று திரும்பி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

கார்த்திகை, அதாவது நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே கேள்விதான். நான் கண்ணாடி போடுகிற ஆள், பனிச்சரிவில் ஸ்கீ செய்யப் போகிறேன், கண்ணுக்கு எதைப் போடுவது? நிரஞ்சனி இதற்குப் பதிலை மனப்பாடமாக வைத்திருந்தாள். கொன்ராக்ற் லென்ஸ் போட்டால் சுகம், ஆனால் மேலே அடிக்கிற காற்றில் கண் காய்ந்துபோகும். கண்ணாடிக்கு மேலேயே போடுகிற பெரிய கொகிளும் இருக்கிறது. அதற்குச் சட்டம் சின்னதாக இருக்கவேண்டும், ஓரத்துப் பஞ்சில் காதுக்கம்பி போக வெட்டு இருக்கவேண்டும், மேலே காற்றுத் துளை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கன்னப்பொறி நொந்து, முதல் இறக்கத்திலேயே கழற்றி எறிந்துவிடுவீர்கள். கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் உட்கண்ணாடி. கொகிளுக்கு உள்ளே கொழுவுகிற சின்னச் சட்டம் அது, அதில் உங்கள் பவரிலேயே லென்ஸ் வெட்டிப் போட்டுத் தருவார்கள். பழக இரண்டு மூன்று நாள் எடுக்கும், பயப்படாதீர்கள். எதைப் போட்டாலும் சரி, களைத்து வேர்த்த நேரத்தில் கொகிளை நெற்றிக்கு மேலே தள்ளக்கூடாது; தலைச்சூடு ஏறி உள்ளே மூடுபனி போலப் புகார் பிடித்துவிடும், பிறகு கடவுள் வந்தாலும் தெரியமாட்டார். இவ்வளவும் சொல்கிறவள் ஒருநாளும் ஸ்கீ மலைப்பக்கம் போனதில்லை. விழுந்து எழும்புவதற்குக் காசு கட்டிக்கொண்டு போகிறவர்களை அவள் ஒரு தினுசாகத்தான் பார்ப்பாள்.

கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்தவள் அவள். கட்டியவன் மூன்றாம் வருடமே ரொறன்ரோவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. இப்போது லொங்குய்யில் இரண்டாம் மாடி வீடொன்றில் அவளும் தாய் றோசாவும் இருக்கிறார்கள். றோசாவுக்கு எழுபத்தாறு வயது. ஊர் மன்னார்ப் பக்கம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வீட்டில் இன்னொருவனும் இருந்தான் என்றுதான் சொல்லவேண்டும். நிரஞ்சனியின் தம்பி, பெயர் பற்றிக். போர் முடிகிற நேரம், 2009 சித்திரையில், இருபத்தேழு வயதில், கடற்கரை மணலில் தறப்பாள் கூடாரத்தில் தாயை இருத்திவிட்டுக் கஞ்சி வாங்கப் போனான். திரும்பி வரவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. றோசாவின் பையில் அவனுடைய பழைய கண்ணாடி ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அவள் முகாம், கொழும்பு, விமானம் எல்லாம் தாண்டிக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தாள். நிரஞ்சனி அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோய், பவர் பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். வலது மைனஸ் ஒன்பதரை, இடது மைனஸ் ஆறு, வலதில் சிலிண்டர் இரண்டேகால். மூக்கிலிருந்து கண்மணிகளின் தூரமும் மில்லிமீற்றர் கணக்கில் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. வலது இருபத்தொன்பது, இடது முப்பத்துமூன்று. சின்ன வயதிலிருந்தே வலது கண் மோசம். அதனால் யாரையாவது பார்ப்பதென்றால் முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, இடக் கண்ணை முன்னே விட்டுத்தான் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் 'கோழி' என்று கூப்பிடுவார்கள்.

கத்தோலிக்கருக்குக் கார்த்திகை ஆத்துமாக்களின் மாதம். கோயிலில் ஒரு கடித உறை தருவார்கள். வீட்டில் மரித்தவர்களின் பெயர்களை உள்ளே எழுதிக் கொடுத்தால், மாதம் முடியும்வரை பீடத்தடியில் வைத்து எல்லாப் பூசையிலும் வேண்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த உறை வந்தால் வீட்டில் ஒரே சண்டைதான்.

"பற்றிக்கின்ர பேரையும் எழுதுவம் பிள்ளை," என்பாள் றோசா.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்கிறவையே? விசர்க் கதை கதைக்காதேங்கோ."

"பதினாறு வரியமாச்சு. அவன் மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து தவிச்சானெண்டால்? ஒரு செபம் சொல்லவும் ஆளில்லாமல்?"

"எழுத வேண்டாமெண்டால் வேண்டாம்."

வேண்டாம் என்ற சொல்லோடு றோசா வாயை மூடிவிடுவாள். ஆனால் போன கார்த்திகையில் அவள் அடங்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு குழாய் வைத்து ஆசுபத்திரியிலிருந்து வந்திருந்தாள். "நான் கண்ணை மூடினாப் பிறகு ஆர் அவனுக்கு எழுதப்போகினம்? மாசக் கடைசி ஞாயிறு உறையைக் குடுக்கவேணும். அதுக்குள்ள நீ ஒரு முடிவு சொல்லு," என்றாள். நிரஞ்சனிக்கு அந்த வாரம் முழுக்க நித்திரை இல்லை. பெயரை எழுதினால் தம்பியைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடும் என்று அவள் நம்பினாள். எழுதாவிட்டால் அம்மாவை நிம்மதியில்லாமல் சாகவிட்டதாகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பெட்டி வந்தது. தெற்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ஒரு ஸ்கீ மலையில், யாரும் தேடிவராத கொகிள்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை அள்ளி இவர்களுக்கு அனுப்புவார்கள். கழுவித் துடைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்பது கடையின் வழக்கம். உட்கண்ணாடி இருக்கிற கொகிள்களைப் பிரித்து, பவர் பார்த்து, பையில் எழுதி ஒட்டுவது நிரஞ்சனியின் வேலை. பின்னேரம் நாலு மணி, வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஐந்தாவது கொகிள் கறுப்பு நிறம், பட்டியில் 114 என்று சிறிய இலக்கச் சீட்டு. உட்கண்ணாடியைக் கழற்றிக் கருவியில் வைத்தாள். பச்சைக் கோடுகள் தெளிகிற இடத்தில் நிறுத்தி இலக்கத்தைப் பார்த்தாள்.

வலது மைனஸ் ஒன்பதரை. சிலிண்டர் இரண்டேகால். இடதைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், ஆனாலும் பார்த்தாள். ஆறு. அளவுகோலை எடுத்து நடுத்தூரத்தை அளந்தாள். வலது இருபத்தொன்பது, இடது முப்பத்துமூன்று.

ஒருவருடைய கண் இன்னொருவருக்கு அமையாது. ஒரு இலக்கம் பொருந்தலாம், இரண்டு பொருந்தலாம். சிலிண்டரின் பாகை முதல் மூக்கிலிருந்து கண்மணித் தூரம் வரை எல்லாமே பொருந்துவதைப் பதினைந்து வருடத்தில் அவள் கண்டதில்லை. கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதாள். சந்தோசம்தான், ஆனால் அதற்குள் ஒரு பயமும் கிடந்தது.

கூட வேலை செய்யும் பிரியந்தி ஓடிவந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள், முப்பது வயது, பனி விழுந்தால் வீட்டில் நிற்கமாட்டாள்.

"என்னக்கா, ஆருக்கும் ஏதுமே?"

"இது என்ர தம்பியின்ர கண், பிரியந்தி. அவன் இஞ்சதான் எங்கயோ இருக்கிறான்."

பிரியந்தி கொகிளையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். வேறு யாரும் என்றால் விசர் என்று சொல்லியிருப்பார்கள். அவள், "சனிக்கிழமை நான் அந்த மலைக்குப் போறன். நீங்களும் வாங்கோ, கேட்டுப் பாப்பம்," என்றாள்.

சனிக்கிழமைக்குத் தனக்கே ஒரு கொகிள் பார்க்கவேண்டி வந்தபோதுதான் நிரஞ்சனிக்கு விளங்கியது, ஊருக்குச் சொல்வது சுலபம் என்று. அவளுக்கு இரண்டு கண்ணும் ஐந்தேகால். கொன்ராக்ற் லென்ஸைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாலே இமை இறுக மூடிவிடும். உட்கண்ணாடி செய்ய நாலு நாள் போதாது. கண்ணாடிக்கு மேலே போடுகிற கொகிள்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால், அவளுடைய அகலச் சட்டம் எல்லாவற்றிலும் முட்டியது. கடைசியில் வீட்டில் கிடந்த பழைய வட்டக் கண்ணாடியை எடுத்து, முகில் நாளுக்குப் பொருத்தமான மஞ்சள் லென்ஸ் போட்ட பெரிய கொகிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். முகக் கண்ணாடியில் பார்க்க ஒரு பெரிய இலையான் ஈ மாதிரி இருந்தாள். பிரியந்தி சிரித்து முடிய ஐந்து நிமிடம் எடுத்தது.

போகிற வழியெல்லாம் கறுப்புக் கொகிள் காரின் பின்னிருக்கையில் கிடந்தது. பாதி வழியில் நிரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். அதன் உள்பக்கம் புகார் பிடித்திருந்தது. வெளியே குளிர், காருக்குள்ளே சூடு. அதற்கான விளக்கத்தை ஆயிரம் பேருக்குச் சொன்னவள் அவளே. ஆனால் புகார் வலது கண்ணின் பக்கம் மட்டும் பிடித்திருந்தது, அதுவும் விட்டுவிட்டு மங்கித் தெளிந்தது. யாரோ உள்ளே இருந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அவள் பிரியந்தியிடம் சொல்லவில்லை. கொகிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மலையில் கீழ்ப்பகுதியை மட்டும் திறந்திருந்தார்கள். மேலே இயந்திரங்கள் இரைந்து இரைந்து பனியை அடித்துக்கொண்டிருந்தன. காணாமல்போன பொருள்களுக்குப் பொறுப்பானவன் ஒரு மணிக்குத்தான் வருவானாம். அதுவரை சும்மா நிற்பானேன் என்று பிரியந்தி அவளுக்குச் சப்பாத்தும் பலகையும் வாடகைக்கு எடுத்து, சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நகரும் பட்டியில் ஏறி மேலே போய்ச் சேர்வதற்குள் நிரஞ்சனிக்கு மேலெல்லாம் வேர்த்துவிட்டது. மூச்சு வாங்கியது. யோசிக்காமல் தன் மஞ்சள் கொகிளைத் தூக்கி நெற்றிக்கு மேலே விட்டாள். யாருக்கெல்லாம் செய்யாதே செய்யாதே என்று சொன்னாளோ அதையே செய்தாள்.

திரும்ப இறக்கி மாட்டியபோது உள்ளே ஒரே புகார். கண்ணாடியிலும் புகார், கொகிளிலும் புகார். பக்கத்தில் நின்ற பிரியந்தி மறைந்துபோனாள். இயந்திரங்களின் இரைச்சலும் எங்கோ தூரப் போனது. மஞ்சள் கலந்த வெள்ளை, அதைத் தவிர ஒன்றுமில்லை.

அதற்குள் ஒரு இடம் மட்டும் தெளிந்தது. சரிவின் நடுவே, பத்து முழம் கீழே, ஒரு வாலிபன் நின்றான். காலில் பலகை இல்லை. தலையில் தொப்பி இல்லை. அந்தக் குளிரில் மெல்லிய சேட்டோடு நின்றான். முகத்தை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, இடக் கண்ணை முன்னே விட்டு, அவளையே பார்த்தான்.

"தம்பி!" என்று கத்தினாள். கத்திய வேகத்தில் பலகைகள் நழுவி அவளைக் கீழே கொண்டுபோயின. அவன் விலகவில்லை. இன்னும் நாலு முழம், இரண்டு முழம். அவன் சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது. இடித்துவிடுவேனே என்று பதறிப் பக்கவாட்டில் தன்னைத் தூக்கிப் போட்டாள். வாய்க்குள் பனி போனது.

பிரியந்தி வந்து கொகிளைக் கழற்றியபோது சரிவில் நாலைந்து சின்னப் பிள்ளைகளும் பயிற்றுநரும்தான் நின்றார்கள். "அக்கா, ஒருத்தரும் இல்லை. நீங்கள் நேர வந்திட்டு, சும்மா திடீரெண்டு விழுந்தீங்கள்," என்றாள் அவள். நிரஞ்சனி கொகிளின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தடித்த புகார் அப்படியே இருந்தது. அதற்குள்ளால் ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. இது அவளுடைய தொழில், அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பு. "கண்டிட்டன். இஞ்ச எங்கயோதான் வேலை செய்யிறான்," என்றாள். பிரியந்திக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு மணிக்கு வந்தவன் பட்டியிலிருந்த 114ஐப் பார்த்துவிட்டுப் பழைய கொப்பி ஒன்றைப் புரட்டினான். சொந்தக்காரரின் விவரம் சொல்லக்கூடாது என்று முதலே சொல்லிவிட்டான். நிரஞ்சனி தலைகீழாக எழுத்து வாசிப்பதில் கெட்டிக்காரி. மூன்று வருடத்துக்கு முந்திய மார்கழி 27. ஜி. திபோ. விழுந்தார், முதலுதவிக்காரர் கீழே கொண்டுவந்தார்.

"பிரெஞ்சுக்காரன் அக்கா," என்றாள் பிரியந்தி காரில் ஏறும்போது மெதுவாக.

"பேர் மாத்தியிருப்பான். எங்கட ஆக்கள் எத்தினை பேர் வேற பேரில வந்து வேற பேரிலயே இருக்கினம்," என்றாள் நிரஞ்சனி. பதினாறு வருடம் ஒரு நம்பிக்கையைப் பிடித்துத் தொங்குகிறவளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அடுத்த நாள் ஞாயிறு, மாதக் கடைசி. தமிழ்ப் பூசை மாலை ஆறு மணிக்கு. நிரஞ்சனிக்குப் பன்னிரண்டிலிருந்து நாலு வரை கடை. கணினியைத் திறந்து முதல் வேலையாகத் திபோ என்று அடித்துப் பார்த்தாள். மொன்றியலில் எத்தனை ஆயிரம் கண்ணாடிக் கடை இருக்கிறது, இங்கே இருக்குமா என்ன என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தாள்.

இருந்தது. ஜில் திபோ, பிறந்த வருடம் 1952, தொலைபேசி இலக்கம். கண் பரிசோதனையில் எழுதியிருந்த பவர் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் இரண்டு. அதற்குக் கீழே மூன்று வருடத்துக்கு முன் கார்த்திகையில் எடுத்த ஓடர்: ஸ்கீ கொகிளுக்கு உட்கண்ணாடி. வலது மைனஸ் ஒன்பதரை, இடது மைனஸ் ஆறு. ஓடர் எடுத்தவர், நிரஞ்சனி.

கையால் நிரப்பிய பத்திரத்தின் படமும் கூடவே இருந்தது. இருபத்தொன்பது, முப்பத்துமூன்று. ஒன்பதுக்கு அவள் போடுகிற நீட்டு வால். அவள் எழுத்துத்தான், சந்தேகமே இல்லை. எழுதிய ஞாபகம் ஒரு துளியும் இல்லை.

பிறகு, செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்டே, அந்தப் பவரை மட்டும் போட்டு எல்லா வருடத்து ஓடர்களையும் தேடினாள். ஆறு வந்தது. ஆறு பெயர்கள், ஆறு வெவ்வேறு ஆட்கள். ஒரு ஆசிரியை, ஒரு பஸ் சாரதி, ஒரு பதினாறு வயதுப் பெண். எல்லாம் கார்த்திகை மாதத்தில். ஐந்து பேர் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். ஐந்திலும் 'லென்ஸ் வெட்டுகிற இடத்தில் பிழை, மறுபடி செய்யவும்' என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தது நிரஞ்சனி. ஐந்து முறையும் அடுத்தவன் பிழை என்று முழு மனதோடு நம்பியிருக்கிறாள். வருடா வருடம் அம்மா உறையை நீட்டும் மாதத்தில், அவளுக்குத் தெரியாமல் அவள் கை, செத்தவனுக்கோ இருக்கிறவனுக்கோ கண் செய்து வைத்திருக்கிறது. தன் கைகளை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டாள். அவற்றைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆறாவது ஆள் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவர் விழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது றோசா சேலை உடுத்து, மேலே குளிர்ச் சட்டையும் போட்டு, உறையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். நிரஞ்சனி குசினிக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தாள். வேலை போகலாம், வழக்கும் வரலாம். ஆனால் ஒரு மனிதரை மலையில் குருடாக்கி விட்டுவிட்டுப் பூசைக்குப் போக அவளால் முடியாது.

திபோவே எடுத்தார். மெலிந்த குரல். பிரெஞ்சில்தான் பேசினார்கள். அவள் கடையின் பெயரைச் சொல்லி, மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கொகிளைப் பற்றிக் கேட்டாள்.

"அது மனைவி நத்தார் பண்டிகைக்குத் தந்த பரிசு," என்றார். "எடுக்கப் போனபோது கடையில் ஒரு பெண், பழக இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்றாளாம். மாட்டினேன், எல்லாம் கலங்கலாக இருந்தது. பழகிவிடும் என்று மேலே போனேன். நாற்பது வருடம் ஸ்கீ செய்தவன், கண்ணை மூடிக்கொண்டே இறங்குவேன் என்ற திமிர்."

"மொசியூ, அது என் பிழை. வேறொருவருடைய பவரை எழுதிவிட்டேன். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை."

"கண்ணைப் பற்றி நான் பயப்படவில்லை," என்றார். "என் பழைய கண்ணாடியால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தக் கலங்கலுக்குள் ஒரு ஆள் மட்டும் தெளிவாகத் தெரிந்தான். இளைஞன், கறுப்பு நிறம், சட்டை மட்டும் போட்டிருந்தான். பாதை நடுவில் நின்றான். அவனை இடிக்காமல் திரும்பப் போய்த்தான் விழுந்தேன். அங்கே யாரும் நிற்கவில்லை என்றார்கள். என் அப்பாவுக்கு மூளை கலங்கத் தொடங்கியதும் இப்படித்தான், இல்லாத ஆட்களைக் கண்டார். அன்றைக்கே கொகிளை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன். ஸ்கீயை விட்டேன். கார் ஓட்டுவதையும் விட்டேன். மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் எழும்பி, மனைவியின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"அவன் முகத்தை எப்படி வைத்திருந்தான்?" என்று கேட்டாள்.

"வலப்பக்கம் திருப்பி. ஒரு கண்ணால் பார்க்கிறவன் மாதிரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அவனைத் தெரியும். அது அவனுடைய பவர். என் தம்பி."

"அப்படியென்றால் அங்கே உண்மையாகவே ஒருவன் நின்றானா? அவன் உயிரோடு இருக்கிறானா?" கிழவர் அவசரமாகக் கேட்டார்.

ஓம் என்று சொன்னால் அது பொய். மெல்லிய சட்டையோடு பனியில் நின்று, ஒருவருக்கும் தெரியாமல் மறைகிற உயிருள்ள மனிதன் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரியாது என்று சொன்னால் அவர் தன் மூளையைச் சந்தேகித்துக்கொண்டே மீதிக் காலத்தைக் கழிப்பார். தான் தம்பியைப் பிடித்து வைத்திருந்ததற்கு இந்த மனிதர் மூன்று வருடம் விலை கொடுத்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"இல்லை மொசியூ. செத்துவிட்டான். பதினாறு வருடத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டான்," என்றாள். "நானும் நேற்று அவனைக் கண்டேன். உங்கள் மூளைக்கு ஒன்றுமில்லை."

கிழவர் அழுதார். அழுதுகொண்டே உள்ளே யாரையோ, "லிஸ், லிஸ், இங்கே வா," என்று கூப்பிட்டார். தொலைபேசியை வைக்க மறந்து இரண்டு பேரும் பேசுவது கேட்டது. நிரஞ்சனிதான் இணைப்பை வெட்டினாள்.

திரும்பினால் றோசா குசினி வாசலில் நின்றாள். அவளுக்குப் பிரெஞ்சு பத்துச் சொல்தான் தெரியும். ஆனால் கோயில் பங்கில் எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போய் வந்தவளுக்கு, செத்துவிட்டான் என்ற சொல் அந்தப் பத்துக்குள் இருந்தது.

"ஆரைச் சொன்னனீ?" என்றாள்.

நிரஞ்சனி உறையையும் பேனையையும் தாயின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்து, உள்ளேயிருந்த தாளை எடுத்து விரித்தாள். அப்பாவின் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. பற்றிக் என்று எழுதினாள். இந்த முறை எழுதுவது தான்தான் என்று தெரிந்துகொண்டு, மெதுவாக எழுதினாள்.

"இந்தாங்கோ அம்மா. நீங்கள் கேட்டது."

றோசா தாளை வாங்கிப் பெயரை விரலால் தடவினாள். பிறகு அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள். மணலிலும் முகாமிலும் அழாத மனுசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ வேண்டாமெண்டு சொல்லுவாய் எண்ட தைரியத்திலதானேடி பிள்ளை," என்றாள், "வரியா வரியம் நான் கேட்டனான்."